குளத்துக் கேட்டை யார் மூடுவது? – வாசகர் கேள்வி பதில்

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இருக்கும் பொது நீச்சல் குளம் பற்றித்தான் இந்த முறை நிறையக் கடிதங்கள். அதனால் பக்கம் முழுவதையும் அதற்கே கொடுத்துவிட்டேன். எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துப் படித்தபோது ஒரு விஷயம் உறுத்தியது. சத்தம், துண்டைப் போட்டு நாற்காலி பிடிப்பது, ஈரக்காலோடு லிஃப்டில் ஏறுவது, இதற்கெல்லாம் பக்கம் பக்கமாகக் கோபம். திறந்து கிடக்கும் கேட்டைப் பற்றி எழுதியவர் ஒரே ஒருவர், அவரும் தயங்கித் தயங்கி. நமக்குக் கோபம் வருகிற வரிசை வேறு, ஆபத்து இருக்கிற வரிசை வேறு. அந்தக் கடிதத்திலிருந்தே தொடங்குகிறேன்.

கேள்வி: எங்கள் குளத்துக்கு வேலி உண்டு, தானாக மூடிக்கொள்ளும் கேட்டும் உண்டு. மேல்மாடியில் இருக்கும் பெரியவர் ஒருவர் தினமும் நீந்த வரும்போது ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை கேட்டுக்கு முட்டுக்கொடுத்துவிட்டு உள்ளே போகிறார். மூடச் சொன்னால், "நான் இங்கேதானே இருக்கேன், யாராவது வந்தா பார்க்க மாட்டேனா?" என்கிறார். வயதில் மூத்தவர், எல்லோருக்கும் ஓடிவந்து உதவுகிறவர். இதைப் பெரிதாக்குவது சரியா?
– தயக்கத்துடன் ஒரு வாசகி

பதில்: சரிதான், பெரிதாக்குங்கள். மற்ற விதிமீறல்களில் யோசித்துவிட்டுப் பேசலாம். இதில் முதலில் நாற்காலியை எடுத்து கேட்டை மூடிவிட வேண்டும், பேச்செல்லாம் அப்புறம்.

அவர் சாக்குச் சொல்லவில்லை, தான் பார்த்துக்கொள்வோம் என்று உண்மையாகவே நம்புகிறார். ஆனால் தண்ணீருக்குள் முகத்தை வைத்து நீந்துகிறவருக்கு கேட் தெரியாது, காதிலும் ஒன்றும் விழாது. அதோடு, மூழ்குகிறவர்கள் சினிமாவில் வருவதுபோல் கையை ஆட்டிக் கூச்சல் போடுவதில்லை. அமெரிக்க உயிர்காப்பாளர் ஃபிராங்க் பியா மூழ்குகிறவர்களைப் படம்பிடித்து ஆராய்ந்து சொன்னது இதுதான்: வாய் தண்ணீருக்கு மேலே வரும் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கவே போதாது என்பதால் கத்த முடியாது, கைகள் தன்னையறியாமல் பக்கவாட்டில் தண்ணீரை அழுத்திக்கொண்டிருப்பதால் ஆட்டவும் முடியாது, இந்தப் போராட்டம் 20 முதல் 60 வினாடிகள்தான் நீடிக்கும். சத்தமே இல்லாமல் முடிந்துவிடுகிற விஷயம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-ல் மட்டும் உலகம் முழுக்கச் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்திருக்கிறார்கள், அதில் கிட்டத்தட்ட நாலில் ஒருவர் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தை. குளத்தைச் சுற்றி நாலு பக்கமும் தனி வேலி போட்டு, தானாகச் சாத்தித் தாழிட்டுக்கொள்ளும் கேட் வைப்பது இந்த வயதுக் குழந்தைகளுக்காகத்தான். அந்த கேட்டில் ஒரு நாற்காலி இருந்தால் வேலி இருந்தும் இல்லாததுதான். ஆஸ்திரேலியாவில் குளத்து கேட்டை இப்படித் திறந்து வைத்தால் சட்டப்படி தண்டனை உண்டு.

சரி, எப்படிச் சொல்வது? அவருடைய கவனத்தைக் குறை சொல்லாதீர்கள், அதில்தான் அவருக்கு வருத்தம் வரும். "அங்கிள், நீங்க பார்த்துப்பீங்கன்னு எனக்குத் தெரியும். ஆனா நீங்க முங்கி எழுந்திரிக்கிற நேரத்துல ஒரு குழந்தை உள்ள வந்துட்டா அந்தப் பழி உங்க மேல வந்துடும். கேட்டை நான் மூடிடறேன்." இப்படிச் சொல்லிக்கொண்டே மூடுங்கள். அடுத்த நாளும் நாற்காலி இருந்தால் அடுத்த நாளும் மூடுங்கள். குரலை உயர்த்த வேண்டாம், ஆனால் ஒரு நாள்கூட விட வேண்டாம்.

அப்புறம், அவர் ஏன் முட்டுக்கொடுக்கிறார் என்று கேளுங்கள். இதை யாரும் கேட்பதில்லை. கேட்டின் ஸ்பிரிங் மிகவும் விறைப்பாக இருந்து மூட்டுவலிக்காரரால் இழுக்க முடியாமல் இருக்கலாம். நனைந்த கையில் சாவி அட்டை வழுக்கலாம், அல்லது பையை வைக்க இடம் இல்லாமல் இரண்டு தடவை நடக்க வேண்டியிருக்கலாம். ஸ்பிரிங்கைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு, உள்பக்கம் பை மாட்ட ஒரு கொக்கி வைத்தால் பாதிப் பிரச்சினை போய்விடும். தளர்த்தியபிறகு ஒரு சோதனை முக்கியம்: கேட்டை ஒரு சாண் திறந்து கையை விட்டுவிடுங்கள், அது தானே போய்த் தாழில் விழ வேண்டும். விழாவிட்டால் அன்றைக்கே சரிசெய்யும்வரை குளத்தைப் பூட்டிவிட வேண்டும். வேலியோரம் கிடக்கும் நாற்காலிகளையும் பூந்தொட்டிகளையும் தள்ளி வையுங்கள், சின்னப் பிள்ளைகளுக்கு அவை படிக்கட்டு.

இவ்வளவுக்குப் பிறகும் தொடர்ந்தால் சங்கத்துக்கு எழுதுங்கள். தேதி, நேரம், கேட்டும் நாற்காலியும் மட்டும் தெரியும் ஒரு படம் போதும், அவர் முகம் வேண்டாம். மரியாதை தருவதும் எழுதிக் கொடுப்பதும் ஒன்றோடொன்று மோதுகிற காரியங்களே இல்லை. நாளைக்கு ஏதாவது நடந்தால் அந்தப் பெரியவரால் தாங்கிக்கொள்ள முடியுமா என்று மட்டும் நினைத்துப் பாருங்கள், தயக்கம் போய்விடும்.

கேள்வி: குளத்தில் இறங்கினாலே கண் சிவந்து எரிகிறது. 'குளோரினை அள்ளிக் கொட்டுகிறார்கள்' என்று ஒரு வீட்டுக்காரர் பராமரிப்பு ஆளோடு தினமும் சண்டை போடுகிறார். அதே மனிதர் உடற்பயிற்சி முடித்து வியர்வை சொட்டச் சொட்ட நேராகக் குளத்தில் குதிக்கிறவர். ஷவர் எடுக்கச் சொன்னால், 'குளத்திலேயே குளோரின் இருக்கிறதே' என்கிறார்.
– இரண்டாம் தளத்து வாசகர்

பதில்: அந்தப் பராமரிப்பு ஆள் பாவம். பெரும்பாலும் குற்றவாளி அவர் இல்லை. மூக்கில் குத்துகிற அந்த வாடையை நாம் குளோரின் வாடை என்று சொல்கிறோம், ஆனால் நன்றாகப் பராமரிக்கிற குளத்தில் அவ்வளவு வாடை வராது. வியர்வை, சிறுநீர், தோல் அழுக்கு, பூசிக்கொண்டு வருகிற கிரீம் இவற்றில் இருக்கும் நைட்ரஜனோடு குளோரின் சேரும்போது குளோரமின் என்ற பொருள்கள் உண்டாகின்றன. கண்ணை எரிப்பதும் தொண்டையைக் கரகரக்க வைப்பதும் அவைதான். இன்னொரு கெட்ட விளைவும் உண்டு: அழுக்கோடு மல்லுக்கட்டுவதிலேயே குளோரின் தீர்ந்துபோனால் கிருமியைக் கொல்ல மிச்சம் இருக்காது. அதாவது வாடை அதிகமாக அடிக்கும் குளத்தில் உபயோகமான குளோரின் குறைவாகக்கூட இருக்கலாம்.

தீர்வு சின்னது. இறங்கும் முன் ஒரே ஒரு நிமிஷம் ஷவரில் நின்றால் உடம்பில் இருக்கும் அழுக்கில் பெரும்பகுதி போய்விடும் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்கிறது. சோப்பு போட்டு மணிக்கணக்கில் குளிக்க வேண்டியதில்லை.

அவரோடு வாதம் செய்யாதீர்கள். சங்கத்திடம் சொல்லி, தினமும் எடுக்கும் அளவுகளை கேட் பக்கத்தில் ஒரு பலகையில் எழுதி வைக்கச் சொல்லுங்கள்: தனிக் குளோரின் (அழுக்கோடு சேராமல் கிருமியைக் கொல்ல மிச்சம் இருப்பது) எவ்வளவு, பிஎச் (தண்ணீரின் அமில, காரத் தன்மை) எவ்வளவு, எத்தனை மணிக்கு எடுத்தது. அதே மையம் குளங்களுக்குச் சொல்லும் அளவு, குளோரின் குறைந்தது 1 பி.பி.எம். (பத்து லட்சத்தில் ஒரு பங்கு), பிஎச் 7.0 முதல் 7.8 வரை. எண் கண்முன்னால் இருந்தால் 'அள்ளிக் கொட்டுகிறார்கள்' என்ற பேச்சு நின்றுவிடும், இல்லை அவர் சொன்னது உண்மை என்றால் அதுவும் தெரிந்துவிடும். ஷவர் எங்கே இருக்கிறது என்பதையும் பாருங்கள். ஒரு மூலையில், தண்ணீர் சில்லென்று வரும் ஒரு குழாயை வைத்துவிட்டு எல்லோரும் குளித்துவிட்டு வர வேண்டும் என்றால் யார் வருவார்கள்? கேட்டைத் தாண்டியதும் வழியிலேயே இருக்க வேண்டும்.

கேள்வி: குளத்தில் சிறுநீர் கழித்தால் தண்ணீர் நிறம் மாறிக் காட்டிக்கொடுக்கும் மருந்து இருக்கிறதாமே, அதை வாங்கிக் கலக்கலாமா?

பதில்: அப்படி ஒரு மருந்து இல்லை. பிள்ளைகளை பயமுறுத்தப் பெரியவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் கதை அது. கனடாவில் அல்பர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-ல் வேறு வழியில் கணக்குப் போட்டார்கள். நம் உடம்பு கரைக்காமல் அப்படியே வெளியே விடும் ஒரு செயற்கை இனிப்பு குளத்து நீரில் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து, சுமார் 8,30,000 லிட்டர் கொள்ளளவுள்ள ஒரு பொதுக் குளத்தில் ஏறக்குறைய 75 லிட்டர் சிறுநீர் இருக்கும் என்று மதிப்பிட்டார்கள். யார் செய்தது என்று அதில் தெரியாது, தெரியவும் வேண்டாம். பிள்ளைகளை மணிக்கொரு தடவை வெளியே கூப்பிட்டுக் கழிப்பறைக்கு அனுப்புங்கள், கழிப்பறை குளத்துக்குப் பக்கத்திலேயே திறந்திருக்கட்டும்.

கேள்வி: பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு மூன்று நாளாக வயிற்றுப்போக்கு என்று அதன் அம்மாவே சொன்னார். நேற்று பார்த்தால் குளத்தில் விளையாட விட்டிருக்கிறார். 'நீச்சல் டயப்பர் போட்டிருக்கு, ஒண்ணும் ஆகாது' என்றார். நெருங்கிய தோழி, எப்படிச் சொல்வது?

பதில்: இப்போதே ஃபோன் எடுத்துச் சொல்லுங்கள். நீச்சல் டயப்பர் திடமானதைக் கொஞ்ச நேரம் பிடித்துவைக்கும், நீர்த்துப் போவதைப் பிடித்துவைக்காது, கிருமியையோ சுத்தமாகத் தடுக்காது. வயிற்றுப்போக்குக்குக் காரணமான கிருமிகளில் கிரிப்டோஸ்போரிடியம் என்று ஒன்று இருக்கிறது. வெளியே கெட்டியான ஓடு உள்ளதால், சரியான அளவு குளோரின் உள்ள தண்ணீரிலும் ஒரு வாரத்துக்கு மேல் உயிரோடு இருக்கும். மற்ற கிருமிகள் பல சில நிமிஷங்களில் செத்துவிடும்போது இது மட்டும் இப்படி. வாயில் ஒரு மடக்குத் தண்ணீர் போனால் போதும், அடுத்த வீட்டுக் குழந்தையும் படுத்துவிடும்.

ஆகவே, வயிற்றுப்போக்கு இருக்கும்வரை யாரும் இறங்கக் கூடாது. அந்தக் கிருமிதான் என்று மருத்துவர் சொல்லியிருந்தால் நின்ற பிறகும் 2 வாரம் இறங்கக் கூடாது. உங்கள் தோழிக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு, எனவே குற்றம் சாட்டும் குரல் வேண்டாம்: "எனக்கும் இது முன்னாடி தெரியாது, குளோரின் இருந்தாலும் இந்தக் கிருமி சாகாதாம்டி" என்று சொன்னால் புரிந்துகொள்வார். தண்ணீருக்குள்ளேயே அசுத்தம் ஆகிவிட்டால் மட்டும் தோழி முகம் பார்க்காமல் எல்லோரையும் உடனே வெளியேற்றி, பராமரிப்புக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். திடமாக இருந்தால் குளோரினைக் கூட்டி அரை மணி நேரம் போல மூடிவைத்தால் போதும். நீர்த்த வயிற்றுப்போக்கு என்றால் மிக அதிக அளவு குளோரின் போட்டுப் பல மணி நேரம் மூட வேண்டிவரும். இதில் வெட்கப்பட்டு மறைப்பதுதான் பெரிய தீங்கு, ஆகவே சொன்னவரை யாரும் கேலி செய்யக் கூடாது என்பதையும் சங்கம் தெளிவாகச் சொல்லிவைக்க வேண்டும்.

கேள்வி: விடுமுறை நாள் இரவுகளில் சில இளைஞர்கள் கண்ணாடி பாட்டில்களோடு குளத்தருகே உட்கார்ந்து குடிக்கிறார்கள், அப்புறம் ஆழம் குறைந்த பக்கத்தில் தலைகீழாகப் பாய்கிறார்கள். கீழே போய்த் தட்டிக்கேட்கலாம் என்று என் கணவர் துடிக்கிறார்.

பதில்: அவரைத் தனியாக அனுப்பாதீர்கள். குடித்திருப்பவரோடு விதி பேசி யாரும் ஜெயித்ததில்லை. செக்யூரிட்டியைக் கூப்பிடுங்கள், அவரால் முடியாவிட்டால் சங்கப் பொறுப்பாளரை எழுப்புங்கள், தூக்கம் கெடுகிறதே என்று பார்க்காதீர்கள். யாராவது அடிபட்டுக் கிடந்தால் நேராக அவசர உதவிக்குப் ஃபோன் போடுங்கள்.

பேச்சு மறுநாள் பகலில், அவர்கள் தெளிவாக இருக்கும்போது. ஒழுக்க உபதேசமாக ஆரம்பித்தால் காது மூடிக்கொள்ளும், உடம்பைப் பற்றிப் பேசுங்கள். ஆழமில்லாத இடத்தில் தலைகீழாகப் பாய்ந்தால் தரையில் மோதி கழுத்தெலும்பு நொறுங்கும், தண்டுவடம் அறுந்தால் கழுத்துக்குக் கீழே வாழ்நாள் முழுக்க அசைவே இருக்காது. அமெரிக்க செஞ்சிலுவைச் சங்கம் தலைகீழாகப் பாய்வதற்குக் குறைந்தது 9 அடி ஆழம் வேண்டும் என்கிறது. குடியிருப்புக் குளங்களில் எத்தனையில் அவ்வளவு ஆழம் இருக்கிறது? ஆழத்தைக் குளத்தின் ஓரத்திலேயே பெரிதாக எழுதி வைக்க வேண்டும்.

கண்ணாடி விஷயத்தில் ஒரு சலுகையும் கூடாது. உடைந்த கண்ணாடி தண்ணீருக்குள் கண்ணுக்கே தெரியாது. ஒரு பாட்டில் உள்ளே விழுந்து உடைந்தால் முழுக் குளத்தையும் இறைத்துவிட்டுத் தரையைத் தடவிப் பார்ப்பதைத் தவிர நிச்சயமான வழி இல்லை. அந்தச் செலவை உடைத்தவர் வீடுதான் கொடுக்க வேண்டும் என்று விதியில் முன்கூட்டியே எழுதிவையுங்கள், நடந்த பிறகு எழுதினால் சண்டைதான்.

கேள்வி: ஒரு வீட்டுக்காரர் வாராவாரம் பத்துப் பதினைந்து விருந்தாளிகளைக் கூட்டிவந்து குளத்தையே தன்னுடையது ஆக்கிக்கொள்கிறார். 'நானும் பராமரிப்புக் கட்டணம் கட்டுகிறேன்' என்று வாதம். எங்கள் விதிப்புத்தகத்தில் விருந்தாளிகளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

பதில்: அப்படியானால் அவர் இதுவரை விதியை மீறவில்லை. கோபம் நியாயமானதுதான், ஆனால் இல்லாத விதியை வைத்து அவரைக் கேட்க முடியாது. முதல் வேலை விதியை உண்டாக்குவது, அதுவும் அவரையும் உட்கார வைத்து.

பொதுச் சொத்துகளை மக்கள் எப்படிக் காப்பாற்றுகிறார்கள் என்று வாழ்நாள் முழுக்க ஆராய்ந்து, 2009-ல் பொருளாதார நோபல் பெற்ற முதல் பெண்ணான எலினோர் ஆஸ்ட்ரோம் கண்டது உங்களுக்கு அப்படியே பொருந்தும். பாசனக் கால்வாய், மீன்பிடி நீர்நிலை, காடு என்று பலர் பங்குபோடும் இடங்களில் எவை பல தலைமுறை தாங்கின என்று பார்த்தார். பயன்படுத்துகிறவர்களே கூடி விதி வகுத்த இடங்கள், கண்காணிக்கிறவர் அந்த மக்களுக்கே பதில் சொல்ல வேண்டியிருந்த இடங்கள், தண்டனை சின்னதாகத் தொடங்கி மீறல் தொடரத் தொடரக் கூடிக்கொண்டே போன இடங்கள், தகராறைச் செலவில்லாமல் சீக்கிரம் பேசித் தீர்க்க ஒரு இடம் இருந்த இடங்கள். மேலிருந்து யாரோ எழுதி ஒட்டிய விதிகள் அவ்வளவு நிற்கவில்லை. உங்கள் விதிப்புத்தகம் குடியிருப்பைக் கட்டியவர்கள் கொடுத்துவிட்டுப் போனதாக இருக்கும் என்று நினைக்கிறேன், பல இடங்களில் அப்படித்தான். அதை யாரும் தன் விதியாக நினைப்பதில்லை.

கூட்டம் போடுங்கள். ஒரு வீட்டுக்கு ஒரு நேரத்தில் எத்தனை விருந்தாளிகள், கூட்டமான நேரங்களில் எத்தனை, அழைத்துவந்தவர் குளத்தருகிலேயே இருக்க வேண்டுமா (கட்டாயம் இருக்க வேண்டும் என்பது என் கருத்து, விருந்தாளிக்கு எந்தப் பக்கம் ஆழம் என்றே தெரியாது), பெரிய விருந்து என்றால் முன்பதிவு செய்து எந்த நேரத்தில் நடத்தலாம் என்று எல்லாம் பேசி எழுதுங்கள். கட்டணம் கட்டுகிறேன் என்கிறவருக்கும் அங்கேயே பதில் கிடைக்கும், கட்டுகிற மற்றவர்களும் அதே அறையில்தான் இருப்பார்கள்.

கேள்வி: பேசிப் பார்த்தாகிவிட்டது. இனி அபராதம்தான் என்று எங்கள் சங்கத்தில் முடிவெடுக்கப் போகிறோம். சரிதானே?
– சங்கச் செயலாளர் ஒருவர்

பதில்: அவசரப்படாதீர்கள். இஸ்ரேலின் ஹைஃபா நகரில் 10 குழந்தைகள் காப்பகங்களில் நடந்த ஒரு ஆய்வை, யூரி நீசி, ஆல்டோ ருஸ்டிச்சினி என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 2000-ல் வெளியிட்டார்கள். பிள்ளையை அழைத்துப்போகப் பெற்றோர் தாமதமாக வருகிறார்கள் என்று 6 காப்பகங்களில் அபராதம் போட்டார்கள். தாமதம் குறையவில்லை, ஏறக்குறைய இரண்டு மடங்கானது. அதுவரை ஆசிரியை காத்திருப்பாரே என்று கூச்சப்பட்டவர்கள், இப்போது காசு கொடுத்து அந்த நேரத்தை வாங்கிக்கொண்டதாக நினைத்துவிட்டார்கள். அபராதத்தை நீக்கிய பிறகும் பழைய கூச்சம் திரும்பி வரவில்லை.

குளத்திலும் இது நடக்கும். வசதி உள்ளவர் அபராதத்தை வாடகை மாதிரிக் கட்டிவிட்டு இரவு முழுக்கக் கும்மாளம் போடுவார், நீங்கள் கேட்கும் உரிமையையும் இழந்துவிடுவீர்கள். எனக்குச் சரியென்று படுவது நுழைவு அட்டையை நிறுத்துவது. முதல் தடவை நேரில் பேச்சு, அடுத்தது எழுத்தில் எச்சரிக்கை, அப்புறம் ஒரு வாரம் குளத்துக்கு அனுமதி இல்லை, அப்புறம் ஒரு மாதம். மீறிய ஆளின் அட்டையை மட்டும் நிறுத்துங்கள், அப்பா செய்ததற்குப் பிள்ளைகளுக்குத் தண்டனை வேண்டாம். கேட்டுக்கு முட்டுக்கொடுப்பது, கண்ணாடி, சின்னக் குழந்தையைத் தனியாக விட்டுவிட்டுப் போவது, இந்த மூன்றுக்கு மட்டும் படிகளெல்லாம் கிடையாது, முதல் தடவையே நிறுத்தம். இதற்கெல்லாம் உங்கள் சங்க விதிகளில் அதிகாரம் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள், இல்லையென்றால் பொதுக்குழுவில் சேர்த்துவிட்டுச் செய்யுங்கள். வீட்டு உரிமையாளருக்கு ஒன்று, வாடகைக்கு இருப்பவருக்கு ஒன்று என்று மட்டும் நடத்தினால் அன்றோடு அந்த விதிக்கு மதிப்பு போய்விடும். உங்கள் நிர்வாகக் குழுவினர் வீட்டுப் பிள்ளைகள் மீறினாலும் இதே அளவுகோல்தான். இதைத் தனியாகச் சொல்லக் காரணம், செயலாளர் மகனுக்கு ஒரு நியாயமா என்று கேட்டு இன்னொரு குடியிருப்பிலிருந்து இரண்டு கடிதங்கள் வந்திருக்கின்றன.

கேள்வி: விதியை மீறுகிறவர்களைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுகிறேன். மானம் போனால் திருந்துவார்கள் அல்லவா?

பதில்: தயவுசெய்து நிறுத்துங்கள், இன்றைக்கே. குளத்தில் இருப்பவர்கள் நீச்சலுடையில் இருப்பவர்கள். அவர்களை, அதிலும் குழந்தைகளை, அனுமதி இல்லாமல் படமெடுத்துப் பலர் பார்க்கும் குழுவில் போடுவது அவர்கள் செய்த மீறலைவிடப் பெரிய மீறல். சட்டச் சிக்கலும் உங்களுக்குத்தான் வரும்.

அது வேலையும் செய்யாது. அரிசோனாவில் கல்லாய்ப்போன மரங்கள் நிறைந்த ஒரு தேசியப் பூங்கா உண்டு. அங்கே வருகிறவர்கள் துண்டு துண்டாக எடுத்துப் போய்விடுகிறார்கள் என்பதால் உளவியலாளர் ராபர்ட் சியால்டினி குழுவினர் இரண்டு விதப் பலகை வைத்துப் பார்த்தார்கள். 'முன்பு வந்த பலர் எடுத்துப்போய்விட்டார்கள்' என்று வருத்தப்பட்ட பலகையைப் பார்த்தவர்கள், 'எடுக்காதீர்கள்' என்று மட்டும் சொன்ன பலகையைப் பார்த்தவர்களைவிட அதிகமாக எடுத்தார்கள். எல்லோரும் செய்கிறார்கள் என்று தெரிந்தால் நமக்கும் தைரியம் வந்துவிடுகிறது. உங்கள் குழுவில் தினம் ஒரு மீறல் படம் வந்தால், இதுவரை ஒழுங்காக ஷவர் எடுத்தவர்களுக்கும் 'நாம் மட்டும் ஏன்?' என்றுதான் தோன்றும். அறிவிப்புப் பலகையிலும் 'பலர் விதிகளை மதிப்பதில்லை' என்று எழுதாதீர்கள். செய்ய வேண்டியதை எழுதுங்கள்: 'கேட்டை மூடிவிட்டு உள்ளே வாருங்கள்', 'ஒரு நிமிஷம் ஷவர், அப்புறம் குளம்'.

கேள்வி: பிள்ளைகள் கூச்சல் தாங்கவில்லை. மாலையில் 14 வயதுக்குக் கீழே யாருக்கும் அனுமதி இல்லை என்று விதி கொண்டுவரச் சொல்லி நாங்கள் சில மூத்த குடிமக்கள் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

பதில்: உங்களுக்கு அமைதி வேண்டும் என்பது நியாயம், ஆனால் கேட்கும் விதி தவறு ஐயா. விதி செயலைப் பற்றி இருக்க வேண்டும், ஆளைப் பற்றி இருக்கக் கூடாது. ஓடாதே, தள்ளாதே, மற்றவர் தலைமேல் குதிக்காதே என்பதை 50 வயதுக்காரருக்கும் சொல்லலாம். அமெரிக்காவில் குழந்தைகள் இருக்கும் குடும்பங்களை வீட்டுவசதியில் பாகுபடுத்தக் கூடாது என்று 1988-ல் சட்டத்தைத் திருத்தினார்கள், அந்த அடிப்படையில் 'பெரியவர்களுக்கு மட்டும்' என்ற குளவிதிகள் அங்கே நீதிமன்றங்களில் அடிபட்டிருக்கின்றன. உங்கள் ஊர்ச் சட்டம் எதுவாக இருந்தாலும் நியாயம் அதுதான். தினமும் ஒரு மணி நேரம் 'நீளவாக்கில் நீந்த மட்டும், விளையாட்டு இல்லை' என்று கேளுங்கள். நீந்தத் தெரிந்த பத்து வயதுப் பெண் அந்த நேரத்தில் வந்து உங்கள் பக்கத்துத் தடத்தில் நீந்தட்டுமே. சின்னவர்களுக்கான நிபந்தனை ஒன்று அவசியம்: கூடவே ஒரு பெரியவர், கைக்கெட்டும் தூரத்தில், ஃபோனைப் பார்க்காமல். காற்று ஊதிய கைப்பட்டைகளும் மிதவைகளும் விளையாட்டுப் பொருள்கள், உயிர்காக்கும் சாதனங்கள் அல்ல.

கேள்வி: தண்ணீர் கலங்கலாக இருக்கிறது என்று ஒரு வீட்டுக்காரர் தானே குளோரின் வாங்கிவந்து கொட்டுகிறார். நல்ல எண்ணம்தான், விட்டுவிடலாமா?

பதில்: விடவே கூடாது. குளோரின் என்ற பெயரிலேயே வெவ்வேறு வேதிப்பொருள்கள் விற்கிறார்கள், கால்சியம் ஹைப்போகுளோரைட்டும் டிரைகுளோரும் ஒன்றோடொன்று கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். குளோரினோடு அமிலம் சேர்ந்தால் நச்சுவாயு கிளம்பும். வேதிப்பொருள் அறையைப் பூட்டி வையுங்கள், அவருடைய அக்கறையைப் பாராட்டி அளவெடுக்கும் குழுவில் சேர்த்துவிடுங்கள். கலங்கலால் குளத்தின் அடித்தரை தெரியவில்லை என்றால் யாரும் இறங்கக் கூடாது, உள்ளே ஒருவர் கிடந்தாலும் மேலே இருப்பவருக்குத் தெரியாது. தரையில் நீர் உறிஞ்சும் துவாரத்தின் மூடி உடைந்திருந்தாலும் இதே முடிவு. தலைமுடியையும் உடம்பையும் இழுத்துப் பிடித்துவிடும் அந்த உறிஞ்சல், அமெரிக்காவில் ஒரு ஏழு வயதுச் சிறுமி இப்படி இறந்த பிறகு 2007-ல் அதற்கென்றே சட்டம் கொண்டுவந்தார்கள்.

கேள்வி: நான்தான் நீங்கள் திட்டுகிற விதிமீறுகிற ஆள். குளம் காலை 6 மணிக்குத்தான் திறக்கும், நான் 5 மணிக்கே வேலி தாண்டிக் குதித்து ஒரு மணி நேரம் தனியாக நீந்துகிறேன். நன்றாக நீந்துவேன், சத்தம் போடுவதில்லை, யாருக்கும் இடைஞ்சல் இல்லை. இதிலும் தவறா?

பதில்: நேர்மையாகக் கேட்டதற்கு நன்றி தம்பி. மற்றவர்களுக்கு இடைஞ்சல் இல்லைதான், எனக்குக் கவலை உங்களைப் பற்றி. மூடியிருக்கும் நேரத்தில்தான் அதிக அளவில் குளோரின் போடுவார்கள், கருவிகளை இறக்கிச் சுத்தம் செய்வார்கள். அன்றைக்கு என்ன போட்டார்கள் என்று இருட்டில் உங்களுக்கு எப்படித் தெரியும்?

அடுத்து, நன்றாக நீந்துகிறவர்களையே பிடிக்கும் ஒரு ஆபத்து உண்டு. நீருக்கடியில் நீண்ட தூரம் போக வேண்டும் என்று வேகவேகமாக ஆழ்ந்து மூச்சு வாங்கிவிட்டு முங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்யும்போது உடம்பில் கரியமில வாயு குறைந்துவிடும், மூச்சுவிடத் தூண்டுவது அந்த வாயு சேர்வதுதான். தூண்டல் வருவதற்கு முன்பே ஆக்சிஜன் தீர்ந்து, ஒரு எச்சரிக்கையும் இல்லாமல் நினைவு தப்பிவிடும். பக்கத்தில் ஆள் இருந்தால் தூக்கிவிடலாம். காலை 5 மணிக்கு யார் இருக்கிறார்கள்?

உங்களைப்போல் சீக்கிரம் நீந்த விரும்புகிறவர்கள் இன்னும் சிலர் இருப்பார்கள். அவர்கள் பெயரையும் சேர்த்து, வாரத்தில் சில நாளாவது 5 மணிக்குத் திறக்கச் சொல்லி, குறைந்தது இரண்டு பேர் இருந்தால்தான் இறங்குவோம் என்று நீங்களே நிபந்தனையும் போட்டு சங்கத்துக்கு ஒரு கடிதம் கொடுங்கள். அதுவரை 6 மணி.

கேள்வி: கேட்டது தப்பா என்று ஆகிவிட்டது. ஒரு குடும்பத்திடம் பாட்டில் கொண்டுவர வேண்டாம் என்று சொன்னதிலிருந்து அவர்கள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. மற்றவர்கள் எல்லோரும் என்னிடம் வந்து 'நீங்க சொன்னது சரிதாங்க' என்கிறார்கள், ஆனால் யாரும் வாய் திறப்பதில்லை. குளத்துக்குப் போகவே பிடிக்கவில்லை.

பதில்: உங்கள் வருத்தம் புரிகிறது. தவறு நீங்கள் கேட்டதில் இல்லை, எப்போதும் நீங்கள் ஒருவரே கேட்பதில் இருக்கிறது. ஒரே ஆள் திரும்பத் திரும்பச் சொன்னால் அது விதியாகத் தெரியாது, அந்த ஆளின் பிடிவாதமாகத்தான் தெரியும். உங்களிடம் வந்து சரி என்று சொன்ன நாலைந்து பேரையும் கூப்பிட்டு, ஆளுக்கு ஒரு வாரம் குளப் பொறுப்பு என்று பிரித்துக்கொள்ளுங்கள். அந்த வாரம் கேட்டுத் தாழைப் பார்ப்பது, பலகையில் அளவு எழுதியிருக்கிறதா என்று பார்ப்பது, எதையாவது சொல்ல வேண்டியிருந்தால் சொல்வது எல்லாம் அவர் வேலை. பொறுப்பாளர் யார் என்று பலகையிலும் எழுதிவிடுங்கள். மாட்டேன் என்கிறவர் இனிமேல் தனியாக வந்து 'சரிதாங்க' சொல்ல வேண்டாம் என்று சொல்லிவிடலாம், அதில் தவறில்லை.

அந்தக் குடும்பத்திடம் மன்னிப்புக் கேட்கவும் வேண்டாம், விளக்கம் கொடுக்கவும் வேண்டாம். லிஃப்டில் பார்த்தால் வழக்கம்போல வணக்கம் சொல்லுங்கள், பதில் வராவிட்டால் பரவாயில்லை. நீந்துவதை மட்டும் நிறுத்தாதீர்கள், பொறுப்பு வேறு ஒருவரிடம் இருக்கும் வாரத்திலேயே மறுபடி தொடங்கிவிடுங்கள்.